தெருக் கண்காணிப்புக் குழு சரியாக ஓடவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அந்த வாரக் கடைசிக்குள் ஒரு கண்காணிப்புக் குழு பிறந்துவிடும். ஆறு மாதம் கழித்து அது உயிரோடு இருக்குமா என்பதுதான் கேள்வி. நான் இருக்கும் தெருவில் குழு இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் படுத்துவிட்டது, மூன்றாவது முறைதான் நின்றது. அந்த மூன்று முறையும் என்னென்ன கோளாறு வந்தது, எதைச் செய்தபோது சரியானது என்பதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டாம், உங்கள் குழுவில் எந்தத் தொல்லை இருக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. குழுவில் யாராவது மூன்று பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள்: "நம் குழுவின் வேலை என்ன?" மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னால் கீழே உள்ள எந்தக் கோளாறும் எப்போது வேண்டுமானாலும் வரும். பதில் இப்படி இருக்க வேண்டும்: கண்ணில் படுவதைக் கவனிப்போம், குறித்து வைப்போம், உரியவரிடம் சொல்வோம். திருடனைப் பிடிப்பது இதில் இல்லை. அமெரிக்காவில் தேசிய ஷெரிப்கள் சங்கம் 1972-ல் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோதும் சரி, பிரிட்டனில் 1982-ல் செஷயரில் உள்ள மாலிங்டன் கிராமத்தில் அந்நாட்டின் முதல் குழு அமைந்தபோதும் சரி, காவல்துறைக்குக் கண்ணும் காதுமாக இருங்கள் என்றுதான் மக்களிடம் கேட்டார்கள். இந்த ஒரு வரியைக் குழுவின் முகப்பிலேயே எழுதி வைத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை கிளம்பாது.

அறிகுறி: முதல் கூட்டத்துக்கு நாலைந்து பேர்தான் வந்தார்கள்

எப்படி அழைத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். சுவரில் நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, இவ்வளவுதான் என்றால் நாலைந்து பேர் வந்ததே பெரிது. கதவைத் தட்டி, நின்று இரண்டு நிமிடம் பேசி, "உங்கள் வீட்டு மாடியிலிருந்து தெருமுனை தெரியும், நீங்கள் வந்தால் நல்லது" என்று அவருக்கென்று ஒரு காரணம் சொல்லிக் கூப்பிட்டால் வருவார்கள். இருவராகப் போங்கள், பெண் ஒருவர் உடன் இருப்பது நல்லது, அந்தி சாய்ந்த பிறகு போகாதீர்கள். வாடகைக்கு இருப்பவர்களின் கதவையும் தட்டுங்கள். பல குழுக்கள் சொந்த வீட்டுக்காரர்களை மட்டும் சேர்த்துவிட்டு, தெருவில் பாதிப் பேர் ஒத்துழைக்கவில்லை என்று குறைப்படுகின்றன.

அடுத்து, எல்லை பெரிதாக இருக்கிறதா? ஒரு முழுக் குடியிருப்புப் பகுதிக்கும் ஒரே குழு என்று தொடங்கினால் யாருக்கும் அது தன் குழுவாகத் தெரியாது. இருபது முப்பது வீடு போதும். உங்கள் வாசலில் நின்றால் எத்தனை வாசல் கண்ணுக்குத் தெரிகிறதோ அதுதான் இயற்கையான எல்லை. பெரிய பகுதியாக இருந்தால் இப்படிப் பல சின்னக் குழுக்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் என்று இணைத்துக்கொள்ளலாம்.

கூட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதில் மூன்று முடிவு எடுத்தால் போதும்: தெருவின் வரைபடம் யார் போடுவது, யார் யாரைத் தொலைபேசியில் அழைப்பது, அடுத்து எப்போது சந்திப்பது. வரைபடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு தாளில் வீடுகளைக் கட்டமாகப் போட்டு, அந்தந்த வீட்டார் சம்மதித்தால் மட்டும் பெயரும் எண்ணும், பகலில் யார் வீட்டில் இருப்பார்கள், எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார் என்பதும். இந்தத் தாள் திருடன் கையில் கிடைத்தால் அவனுக்கு எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இதைப் படம் பிடித்து எந்தக் குழுவிலும் போடாதீர்கள், இரண்டு பேரிடம் காகிதமாக இருந்தால் போதும்.

இவ்வளவு செய்தும் நாலு வீடுதான் என்றால் நாலு வீட்டோடு தொடங்குங்கள். எதிரெதிரே இருக்கும் நாலு வீடு ஒன்றையொன்று கவனித்துக்கொண்டால் அதுவே குழு.

அறிகுறி: ஆரம்பத்தில் நல்ல கூட்டம், மூன்றே மாதத்தில் காலி

எங்கள் முதல் இரண்டு முயற்சியும் இதில்தான் போனது. காரணம் சோம்பல் இல்லை. திருட்டு நடந்த பயத்தில் எல்லோரும் வருகிறார்கள், பயம் வடிந்ததும் வருவதற்குக் காரணம் இல்லாமல் போகிறது. பயத்தை மட்டும் எரிபொருளாக வைத்து ஓட்டும் குழு நின்றுபோகும், அல்லது ஓடிக்கொண்டே இருக்க அதற்குப் புதுப்புதுப் பயம் தேவைப்படும். இரண்டாவது இன்னும் மோசம்.

இரவு ரோந்து போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். உற்சாகத்தில் இரவு 11 முதல் விடியற்காலை 4 வரை முறைப் பட்டியல் போட்டோம், இரண்டு வாரம் அருமையாக நடந்தது, மூன்றாவது வாரம் இரண்டு பேர் வரவில்லை, அவர்கள் முறையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் நாலாவது வாரம் வரவில்லை, அவ்வளவுதான். பகலில் வேலைக்குப் போகிறவரால் இதைத் தொடர்ந்து செய்ய முடியாது. அதுவும் இல்லாமல், ஆளில்லாத வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்குப் பகலும் வசதியான நேரம்தான். எல்லோரும் அலுவலகத்திலும் பள்ளியிலும் இருக்கிற முற்பகல் நேரத்தில் தெருவில் யார் கண் இருக்கிறது என்பது இரவு ரோந்தைவிட முக்கியமான கேள்வி. ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள், இவர்கள் எதையும் கூடுதலாகச் செய்ய வேண்டாம். வழக்கமாக வாசலுக்கு வருகிற நேரத்தில் இருபுறமும் ஒருமுறை பார்த்தால் போதும். நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர் நாளுக்கு இரண்டு ரோந்து போகிறார், அவருக்கு அது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பயம் இல்லாத மாதங்களிலும் செய்ய ஒரு வேலை இருக்கட்டும். எரியாத தெருவிளக்குகளைக் கம்ப எண்ணோடு குறித்துப் புகார் கொடுப்பது, ஊருக்குப் போன வீட்டு வாசலில் சேரும் தபாலையும் விளம்பரத் தாளையும் எடுத்து வைப்பது, தனியாக இருக்கும் பெரியவரை நாளுக்கு ஒருமுறை அழைத்துக் கேட்பது. இதெல்லாம் காவல் வேலை மாதிரித் தெரியாது, ஆனால் ஒருவரையொருவர் முகம் தெரிந்து வைத்திருக்கிற தெருவில்தான் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்தால் கண்ணில் உறுத்தும். அமெரிக்காவில் 1984 முதல் ஆண்டுதோறும் ஒரு மாலை வாசல் விளக்கைப் போட்டுவிட்டு எல்லோரும் தெருவுக்கு வந்து காவலர்களோடும் அக்கம்பக்கத்தாரோடும் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட் மாத முதல் செவ்வாய்க்கிழமை. இதே நோக்கம்தான். வருடத்துக்கு ஒரு மாலை, நீங்களே ஒரு தேதி வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: வாட்ஸ்அப் குழுவில் நாளுக்கு நூறு செய்தி, உபயோகமாக ஒன்றும் இல்லை

குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் அட்மின்கள் மட்டும் செய்தி போடலாம் என்று அமைப்பில் மாற்றிவிடுங்கள், அது எச்சரிக்கைக்கு. மற்றது பேச்சுக்கு, காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, தண்ணீர் வரவில்லை, எல்லாம் அங்கே. எச்சரிக்கைக் குழுவின் ஒலியை யாரும் அணைக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளலாம், ஏனென்றால் அது மாதத்துக்கு இரண்டு முறைதான் ஒலிக்கும். பேச்சுக் குழுவை அணைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். அட்மின் குறைந்தது மூன்று பேர், ஒருவர் தூங்கினாலும் ஊருக்குப் போனாலும் இன்னொருவர் இருக்க வேண்டும்.

இத்தோடு ஒரு கண்டிப்பான விதி: வெளியிலிருந்து வந்த எந்த ஃபார்வர்டும் எச்சரிக்கைக் குழுவில் வராது. யார் அனுப்பியது, எந்த ஊர், எந்தத் தேதி என்று சொல்ல முடியாத வீடியோவும் குரல் பதிவும் எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் வராது. 2018-ல் குழந்தை கடத்துகிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி இந்தியாவின் பல மாநிலங்களில் பரவி, தமிழ்நாடு உட்பட, வழி தெரியாமல் வந்தவர்களும் கோயிலுக்கு வந்தவர்களும் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில்தான் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியது. அந்த வதந்திகளை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தில், "எதற்கும் ஜாக்கிரதையாக இருக்கட்டும்" என்று அனுப்பியவர்கள். உங்கள் குழுவில் இருப்பவர்களும் அப்படிப்பட்ட நல்லவர்கள்தான், அதனால்தான் விதி கண்டிப்பாக இருக்க வேண்டும்.

அறிகுறி: எல்லோரும் பார்த்தார்கள், காவல்துறைக்கு யாரும் சொல்லவில்லை

குழுவில் "நான்காம் எண் வீட்டில் கண்ணாடி உடைகிற சத்தம்" என்று ஒருவர் போடுகிறார், பன்னிரண்டு பேர் பார்த்துவிட்டார்கள், ஏழு பேர் அதிர்ச்சி முகம் போடுகிறார்கள், இருபது நிமிடம் கழித்து யாராவது அழைத்தீர்களா என்று கேட்டால் அமைதி. இதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டு திட்டாதீர்கள். 1964-ல் நியூயார்க்கில் ஒரு பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று செய்தி வந்தது. அது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்று பின்னால் தெரிந்தது, ஆனால் அதைப் படித்த ஜான் டார்லி, பிப் லாட்டனே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். தனி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஹெட்ஃபோன் வழியாக இன்னொருவர் வலிப்பு வந்து தவிப்பது கேட்கும். தான் ஒருவர்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு முடிவதற்குள் உதவிக்கு ஓடினார்கள். இன்னும் நாலு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் இல்லை, நாற்பது பேர் இருக்கிறார்கள். குழு வளர வளர இந்தக் கோளாறும் வளரும். அதனால் விதி இது: பார்த்தவரே அழைக்க வேண்டும், முதலில் அவசர எண்ணுக்கு, பிறகுதான் குழுவுக்கு. குழுவில் போடும் செய்தியின் முதல் சொல் "அழைத்துவிட்டேன்" என்று இருக்கட்டும். அந்தச் சொல் இல்லாமல் ஒரு செய்தி வந்தால், முதலில் பார்க்கிற அட்மின் ஒரு பெயரைச் சொல்லி "நீங்கள் அழையுங்கள்" என்று கேட்க வேண்டும். "யாராவது" என்ற சொல்லையே எச்சரிக்கைக் குழுவில் தடை செய்துவிடலாம்.

எண்ணை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்களா என்றும் சோதியுங்கள். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 112, இலங்கையில் காவல்துறைக்கு 119, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிரிட்டனிலும் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000. உயிருக்கு ஆபத்து, இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்றால் இந்த எண். நேற்று நடந்தது, பழைய தொல்லை என்றால் காவல் நிலையத்தின் சாதாரண எண்.

அறிகுறி: அழைத்தோம், ஆனால் சொன்ன விவரம் போதவில்லை என்கிறார்கள்

பதற்றத்தில் "ஒரு ஆள், ஒரு பைக், சீக்கிரம் வாருங்கள்" என்பதுதான் வாயில் வரும். முதலில் இடம், ஏனென்றால் அழைப்பு துண்டிக்கப்பட்டாலும் வண்டி கிளம்பிவிடும். கதவு எண், தெரு, பக்கத்தில் தெரியும் அடையாளம். அடுத்து என்ன நடக்கிறது, இப்போது நடக்கிறதா, எத்தனை நிமிடத்துக்கு முன் நடந்தது. அப்புறம் எத்தனை பேர், கையில் ஆயுதம் உண்டா, எந்தப் பக்கம் போனார்கள். ஆளின் தோற்றத்தைச் சொல்லும்போது சட்டையின் நிறத்தைவிட மாற்ற முடியாதவற்றைச் சொல்லுங்கள்: உயரம், நடையில் சாய்வு, தழும்பு, பச்சை குத்திய அடையாளம், காலணி. சட்டையை அடுத்த சந்தில் கழற்றிவிடலாம், செருப்பையோ ஷூவையோ அவ்வளவு சீக்கிரம் மாற்றுவது அரிது. உயரத்தை மீட்டரில் சொல்லத் தெரியாவிட்டால் எந்தக் கேட்டின் எந்தக் கம்பி வரை இருந்தார் என்று சொல்லுங்கள், பிறகு அளந்துகொள்ளலாம்.

வண்டி எண்ணை முழுவதும் பார்க்க முடியாவிட்டால் பார்த்த மட்டும் சொல்லுங்கள். பார்க்காத எழுத்தை ஊகித்து நிரப்பாதீர்கள், அரைகுறை எண் உதவும், தவறான எண் வேறொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும். பேசி முடித்த கையோடு ஒரு தாளில் நேரத்தோடு எழுதிவிடுங்கள், மற்றவர்களோடு பேசுவதற்கு முன். பேசிய பிறகு எல்லோருடைய நினைவும் ஒன்றாகிவிடும்.

அறிகுறி: "சந்தேகத்துக்குரிய நபர்" என்ற செய்திகள் எல்லாம் ஒரே மாதிரி ஆட்களைப் பற்றியே வருகின்றன

இந்தத் தலைப்பை மட்டும் எந்தக் குழுவும் தாண்டிப் போகக் கூடாது. கடைசி மூன்று மாதச் செய்திகளை எடுத்து வைத்து எண்ணிப் பாருங்கள். எத்தனை செய்தியில் ஒரு செயல் இருக்கிறது, எத்தனை செய்தியில் வெறும் ஆள் இருக்கிறார்? "ஒவ்வொரு வண்டியின் கதவையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே போகிறார்" என்பதில் செயல் இருக்கிறது. "அழுக்குச் சட்டை, நம்ம ஊர் மாதிரித் தெரியவில்லை" என்பதில் ஒன்றும் இல்லை, எழுதியவரின் அச்சம் மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் தெருவில் ஒருநாள் இரவு பத்தரைக்கு ஓர் இளைஞர் ஒரு வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போவதாகப் படத்தோடு செய்தி வந்தது. பத்து நிமிடத்தில் வாசலில் எட்டுப் பேர். அவர் அந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் பெரியவரை இரவில் பார்த்துக்கொள்ள வரும் உதவியாளர், மூன்று மாதமாக வருகிறார், எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாரும் கை வைக்கவில்லை. ஆனால் மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை, அந்தக் குடும்பம் ஒரு மாதம் ஆள் கிடைக்காமல் திண்டாடியது. படத்தைப் போட்ட அதே குழுவில் மன்னிப்புக் கேட்டோம். அது அவரைப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது.

எங்கள் தவறு அவமானத்தோடு முடிந்தது, எல்லா இடத்திலும் அப்படி முடிவதில்லை. 2012 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், சான்ஃபோர்டு நகரில், தான் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்த ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுச் சிறுவனை அந்தக் குடியிருப்பின் கண்காணிப்புத் தன்னார்வலர் சந்தேகப்பட்டுக் காவல்துறையை அழைத்தார். பின்தொடரத் தேவையில்லை என்று காவல்துறைத் தரப்பில் தொலைபேசியில் சொன்ன பிறகும் முடிவு துப்பாக்கிச் சூட்டில் போய் நின்றது, சிறுவன் இறந்தான். சிறுவன் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. சுட்டவரை நீதிமன்றம் 2013-ல் விடுவித்தது, ஆனால் கண்காணிப்புக் குழு என்ற சொல்லைக் கேட்டாலே அந்த நாட்டில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சிறுவன்தான்.

சரிசெய்ய நாங்கள் வைத்த விதிகள்: செய்தியில் ஒரு வினைச்சொல் இல்லாவிட்டால் அட்மின் அதை நீக்கிவிடுவார். ஆளின் படம் குழுவில் வராது, தேவைப்பட்டால் காவல்துறைக்கு மட்டும் போகும். சாதி, மதம், மொழி, நிறம், உடையின் ஏழ்மை, எதுவும் சந்தேகத்துக்குக் காரணமாக எழுதப்படாது. தெருவுக்கு வழக்கமாக வருகிறவர்களை, வீட்டு வேலைக்கு வருபவர், பொருள் கொண்டுவந்து தருபவர், குப்பை எடுப்பவர், நோயாளியைப் பார்த்துக்கொள்பவர், அவர்களுக்கு விருப்பம் இருந்தால் குழுவுக்கு அறிமுகம் செய்து வைப்போம். இந்தக் கடைசி விதியில் எதிர்பாராத நன்மை ஒன்று உண்டு, ஒரு நாளில் எங்கள் தெருவை எங்களைவிட அதிக நேரம் பார்ப்பவர்கள் அவர்கள்தான், பூட்டு உடைந்து கிடந்த ஒரு வீட்டை முதலில் கண்டு சொன்னவர் குப்பை எடுக்க வந்த அம்மாதான்.

யாராவது தெரியாதவர் நின்றால் என்ன செய்வது என்று கேட்பார்கள். போய், சிரித்த முகத்தோடு, "யாரைப் பார்க்கணும், உதவி செய்யட்டுமா?" என்று கேளுங்கள். வழி தேடி வந்தவருக்கு அது உதவி. தவறான எண்ணத்தோடு வந்தவருக்குத் தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்று புரியும், கிளம்பிவிடுவார். கேட்கப் பயமாக இருக்கிற சூழ்நிலை என்றால் கேட்காதீர்கள், உள்ளே போய் அழையுங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு உறுப்பினர் எல்லை மீறுகிறார்

கையில் தடியோடு நடப்பார், வண்டியை நிறுத்தி அடையாள அட்டை கேட்பார், துரத்திக்கொண்டு ஓடுவார். பெரும்பாலும் அவர்தான் குழுவில் அதிகம் உழைப்பவர், அதனால் யாருக்கும் சொல்ல மனம் வராது. சொல்லித்தான் ஆக வேண்டும், தனியாக, முதல் தடவையிலேயே. பொது வழியில் போகிறவரை நிறுத்திச் சோதிக்கக் குழுவுக்கு எந்த அதிகாரமும் இல்லை. பொதுமக்கள் ஒருவரைப் பிடித்து வைக்கும் உரிமை பல நாடுகளின் சட்டத்தில் மிகக் குறுகிய சூழ்நிலைகளுக்கு மட்டும் இருக்கிறது, அதை மீறினால் வழக்கு பிடித்தவர் மேல் வரும். அவர் அடிபட்டாலும் அடித்தாலும் பொறுப்பு குழுவின் தலையிலும் விழும்.

அவருக்கு வேறு வேலை கொடுத்துப் பாருங்கள், தெருவிளக்குப் புகார், காவல் நிலையத் தொடர்பு, புதிதாகக் குடிவருபவர்களைச் சேர்ப்பது என்று ஆற்றல் தேவைப்படும் வேலைகள் நிறைய உண்டு. பலர் மாறிவிடுவார்கள். ஆயுதம் எடுத்து வருவதை நிறுத்த மாட்டேன் என்றால் குழுவிலிருந்து விலக்கிவிட்டு, விலக்கியதைக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நட்பு போகும், பரவாயில்லை.

அறிகுறி: கேமரா இருந்தது, ஆனால் முகம் தெரியவில்லை

முதலில் உயரம். தலைக்கு மேலே மிக உயரத்தில் மாட்டினால் உச்சந்தலையும் தொப்பியும்தான் பதிவாகும். ஒரு கேமரா தெரு முழுவதையும் பார்க்கட்டும், இன்னொன்று கேட்டுக்கு நேராக, முகத்தின் மட்டத்துக்கு அருகில் இருக்கட்டும்.

அடுத்து அகலம், இதைத்தான் விற்பவர்கள் சொல்வதில்லை. முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை உறுதியாக அடையாளம் காண, காட்சியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 250 படப்புள்ளிகள் வேண்டும் என்பது கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலையில் உள்ள கணக்கு. சாதாரண 1080 கேமராவின் படம் 1920 புள்ளி அகலம். வகுத்துப் பாருங்கள், ஏழரை மீட்டருக்குச் சற்று மேல்தான் வருகிறது. இருபது மீட்டர் தெருவை ஒரே கேமராவில் காட்டினால் யாரோ போனார் என்று தெரியும், யார் என்று தெரியாது.

இரவில் மட்டும் வெள்ளையாக மங்குகிறதா? கண்ணாடி மூடியில் தூசி, சிலந்தி வலை, அல்லது பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் அகச்சிவப்பு ஒளி. மாதம் ஒருமுறை துடையுங்கள், சுவரிலிருந்து சற்றுத் திருப்பி வையுங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். தவறாக ஓடுகிறது என்று சம்பவத்துக்குப் பிறகு தெரிந்தால் திருத்தாதீர்கள், எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதிக் கொடுங்கள். பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்து மேலே எழுதப்படும், அதனால் அன்றே மூலக் கோப்பை எடுத்து வைத்துவிடுங்கள். திரையைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இருக்கிற தெளிவும் போய்விடும்.

பக்கத்து வீட்டு ஜன்னலையோ முற்றத்தையோ கேமரா பார்க்கிறதா? உடனே திருப்புங்கள். வீட்டுக் கேமரா பொது வழியைப் பதிவு செய்தால் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல் சொல்லிவிட்டது. சட்டம் இல்லாத இடத்திலும் பக்கத்து வீட்டாரின் நம்பிக்கை போனால் குழு போகும்.

அறிகுறி: ஒருமுறை திருடு போன வீட்டிலேயே மறுபடியும், அல்லது அடுத்த வீட்டில்

இது துரதிர்ஷ்டம் இல்லை. ஒரு வீட்டில் நுழைந்தவனுக்கு வழியும் பூட்டும் பழகிவிடுகிறது, இழந்த பொருளை வீட்டார் புதிதாக வாங்குவார்கள் என்றும் தெரியும், பக்கத்து வீடுகளும் அதே அமைப்பில் இருக்கும். சம்பவத்துக்கு அடுத்த சில வாரங்களில் அந்த வீட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் ஆபத்து கூடி, பிறகு மெல்லக் குறைகிறது என்பது பல நாடுகளில் பார்க்கப்பட்ட விஷயம்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களில் இதை வைத்தே ஒரு திட்டம் போட்டார்கள். முழுக் குடியிருப்பையும் காவல் காக்க முயலாமல், திருடு போன வீட்டைச் சுற்றியுள்ள ஆறு வீடுகள் போல எடுத்துக்கொண்டு, அந்த வீட்டை மட்டும் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள், பட்டுப்புழுக் கூடு மாதிரி. கூடவே பூட்டுகளைப் பலப்படுத்தினார்கள், திருடர்களை ஈர்த்த காசு போடும் மீட்டர்களை அகற்றினார்கள். சில மாதங்களிலேயே திருட்டு பாதிக்கும் கீழே இறங்கியது.

நீங்களும் செய்யலாம்: சம்பவம் நடந்த அன்றே சுற்றியுள்ள வீட்டார் அந்த வீட்டுக்குப் போங்கள். ஆறுதல் முதலில். பிறகு எந்த வழியாக நுழைந்தார்கள் என்று பார்த்து, அதே பலவீனம் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். ஒரு மாதத்துக்கு அந்த வீட்டின் பக்கம் கூடுதல் கண். எங்கள் மூன்றாவது குழு உயிரோடு இருப்பதற்குக் காரணம் இந்த ஒரு வழிமுறைதான் என்று நினைக்கிறேன், யாருக்கு என்ன வேலை, எத்தனை நாளைக்கு என்று தெளிவாக இருந்தது.

அறிகுறி: காவல் நிலையத்தில் கண்டுகொள்வதில்லை

புகார் சொல்லும்போது மட்டும் போகிறீர்களா? ஒன்றும் நடக்காத மாதத்தில் இரண்டு பேர் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். ஒரே பக்கத்தில் தெரு எல்லை, இரண்டு தொடர்பு எண், "நாங்கள் பிடிக்கப் போவதில்லை, சொல்லப் போகிறோம்" என்ற வரி. எப்போதும் அதே இருவர் பேசட்டும், பத்துப் பேர் பத்து விதமாக அழைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அதிகாரி மாறினால் மறுபடி போங்கள். வாய்ச்சொல்லாகப் போன புகார் காணாமல் போகும், எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

அறிகுறி: பணத்தில் சண்டை

பணம் வசூலிக்காமலேயே முக்கால்வாசி வேலை நடக்கும். கேமராவுக்கோ விளக்குக்கோ வசூலித்தால் இருவர் கையெழுத்து, மாதக் கணக்கு எல்லோருக்கும் தெரியும் இடத்தில். கொடுக்க முடியாத வீட்டின் பெயர் எங்கும் வரக் கூடாது. அந்த வீட்டையும் மற்ற வீட்டைப் போலவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: ஒரு வருடமாக ஒன்றும் நடக்கவில்லை, குழு தேவையா என்று கேட்கிறார்கள்

நியாயமான கேள்வி, கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். 2008-ல் இந்தக் குழுக்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த மதிப்பீடு ஒன்று, குழு இருந்த இடங்களில் குற்றம் சராசரியாக 16 முதல் 26 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. எல்லா இடத்திலும் அப்படியில்லை, சில இடங்களில் பலன் தெரியவில்லை. உங்கள் தெரு எதில் சேரும் என்பதற்கு உங்கள் குறிப்பேடுதான் சாட்சி. தேதி, நேரம், என்ன நடந்தது, யார் அழைத்தது, என்ன ஆனது என்று ஐந்து கட்டம் போட்டு ஒரு நோட்டு வைத்திருந்தால், வருடக் கடைசியில் அதைத் திறந்து பார்க்கலாம். எரியாத விளக்கு எத்தனை சரியானது, ஊருக்குப் போனவர்கள் எத்தனை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், தனியாக இருந்த பெரியவர் போனை எடுக்காத அன்று யார் போய்க் கதவைத் தட்டினார்கள் என்று அதில் இருக்கும்.

நோட்டு வெறுமையாக இருந்தால் கூட்டங்களைக் குறைத்துவிடுங்கள், வருடத்துக்கு இரண்டு போதும். வரைபடத்தையும் எண்களையும் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள், குடிமாறிப் போனவர்களின் எண்ணை நீக்கிவிட்டுப் புதிதாக வந்தவரின் கதவைத் தட்டுங்கள்.